டி ஆஃப் ஈ: பிராந்திய அலுவலர் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறார், எப்படி ஆயத்தமாவது?

சனிப்பள்ளி_அம்மா:

வணக்கம். வடமேற்கு லண்டனில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் படித்து வளர்ந்த பெரிய பிள்ளைகள் பதினான்கு பேர் இப்போது அரிவரி, முதலாம் வகுப்புகளில் ரீச்சர்மாருக்கு உதவியாக நிற்கிறார்கள். கை பிடித்து 'அ' எழுதப் பழக்குவது, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது, இடைவேளை முடிந்ததும் தலை எண்ணி உள்ளே கூட்டி வருவது எல்லாம் அவர்கள்தான். அந்த வேலை அவர்களுடைய டி ஆஃப் ஈ விருதில் (எடின்பரோ கோமகன் விருது: இளையோர் தொண்டு, திறன், உடற்பயிற்சி, கூடாரத்தில் தங்கி நடக்கும் பயணம் ஆகிய பகுதிகளை முடித்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று எடுப்பது) தொண்டுப் பகுதிக்குக் கணக்காகிறது. ஆளுக்கொரு அறிக்கை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்போது குழுவில் ஓர் எண்ணம் வந்திருக்கிறது. வேறு பள்ளிக்கூடங்களில் பதிந்த பிள்ளைகளுக்கு அறிக்கை எழுதுவதோடு நிற்காமல், வெண்கல விருதை நாங்களே நடத்தினால் என்ன? விசாரித்து விருது அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டோம். பிராந்திய அலுவலர் ஒருவர் நேரில் வந்து கதைப்பதாகப் பதில் வந்தது. அன்றிலிருந்து குழுவில் ஒரே பதற்றம். அவர் பரிசோதிக்க வருகிறாரா? பதிவேடுகளைக் கேட்பாரா? நாங்கள் இருப்பது வாடகை மண்டபம், அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விடுவாரா? மூத்தவர் ஒருவர் பொன்னாடை போர்த்தி வரவேற்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் சின்னப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் வைப்போம் என்கிறார்.

இன்னும் இரண்டு விஷயம் மனதில் கிடக்கிறது. என் மகளின் வெள்ளி விருதுக்கான வீணை அறிக்கையை அவளுடைய விருதுக்குப் பொறுப்பான தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். சொல்லிக் கொடுப்பவர் என் தங்கை, பிள்ளைக்குச் சித்தி. அதுதான் காரணமாம். ஆறு மாதம் ஒரு கிழமையும் தவறாமல் போனவள். இதைப் பிராந்திய அலுவலரிடம் சொல்லிச் சரிசெய்யலாமா? மற்றது இரவுத் தங்கல். பெண்பிள்ளைகளைக் கூடாரத்தில் விடமாட்டோம் என்று நான்கு அம்மாமார் இப்போதே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அவர் விளக்கம் சொல்வாரா?

அவர் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


பழைய_சப்பாத்து:

தங்கச்சி, முதலில் அந்தப் பதற்றத்தை விடுங்கள். மின்னஞ்சல் போட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் ஆட்கள் நடத்தும் அமைப்புகள் பல இந்த ஒரு மின்னஞ்சலைப் போடாததால்தான் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போடும் இடமாகவே இருக்கின்றன.

நான் 11 வருடமாக ஒரு கவுன்சிலின் திறந்த மையத்தில் தொண்டராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இந்த விருது இல்லாத பிள்ளைகள், பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள், பாதியில் நின்றவர்கள் எல்லாரும் வந்து சேரும் இடம் அது. வெள்ளி மட்டத்துப் பயணங்களை மதிப்பிட அங்கீகாரமும் எடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் மூன்று பிராந்திய அலுவலர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஒருவர்கூடப் பிழை பிடிக்க வந்தவர் இல்லை.

யாருக்கு என்ன பொறுப்பு என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். பிள்ளைக்கு நேரே மேலே இருப்பவர் தலைவர். பிள்ளை என்ன செய்யப் போகிறது என்பதைத் தொடக்கத்தில் பார்த்துச் சரி சொல்வதும், வந்த அறிக்கையை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. தலைவர்கள் பலர் இருக்கும் மையத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அதற்கு மேலே விருதை நடத்த உரிமம் வைத்திருக்கும் நிறுவனம்: அது ஒரு கவுன்சிலாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், தொண்டு நிறுவனமாக இருக்கலாம். பிராந்திய அலுவலர் இந்த நிறுவனங்களுக்கு உரிய ஆள். லண்டனைப் பார்க்க ஓர் அணி இருக்கிறது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்குத் தனித்தனி அலுவலகங்கள் இருக்கின்றன. புதிதாக நடத்த விரும்புகிறவர்களுக்கு வழி காட்டுவது, தலைவர்களுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்வது, ஒரு மையம் தடுமாறினால் வந்து நிற்பது, எங்கே எந்தப் பிள்ளைகளுக்கு இந்த விருது போய்ச் சேரவில்லை என்று தேடிப் பார்ப்பது எல்லாம் அவருடைய வேலை. உங்களைப் போன்ற பள்ளியை அவர் தேடிக்கொண்டுதான் இருப்பார். நீங்களே கதவைத் தட்டியிருக்கிறீர்கள். சந்தோஷத்தோடுதான் வருவார்.

அவர் கேட்கப் போவதைச் சொல்கிறேன். பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் பெரியவர்களுக்கு டி.பி.எஸ். சான்று (குற்றப் பின்னணிச் சோதனை) இருக்கிறதா, பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், காப்புறுதி என்ன நிலை, பயணத்தை யார் கூட்டிப் போவார்கள். தமிழ்ப் பள்ளி நடத்துகிறீர்கள் என்றால் முதல் மூன்றும் ஏற்கெனவே கோப்பில் இருக்கும். நான்காவதுக்குப் பதில் இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். பயண அனுபவம் உள்ள மையத்தோடு சேர்த்துவிடுவது அவருக்குத் தெரிந்த வேலை.

உரிமம் பற்றி என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. நேரடியாக உங்கள் பெயரிலேயே உரிமம் எடுக்கலாம். கவுன்சிலின் உரிமத்துக்குக் கீழ் ஒரு மையமாகவும் நடத்தலாம். பெயர்ப்பலகைக்கு ஆசைப்பட்டு முதல் வழியைப் பிடிக்காதீர்கள். முதல் இரண்டு வருடம் இன்னொருவரின் நிழலில் நில்லுங்கள். பயணத்துக்கு மேற்பார்வையாளர், கூடாரம், அடுப்பு, முதுகுப்பை எல்லாம் அவர்களிடம் இருக்கும். பிள்ளைகளை வடிவாகப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும். எங்களிடம் பகிர்ந்துகொள்ள ஒரு களஞ்சியமே இருக்கிறது. அப்படி இருக்கிற மையங்கள் பல.

அவர் இன்னொன்றும் கேட்பார், அதற்குத்தான் நீங்கள் இருந்து யோசிக்க வேண்டும். பொறுப்பான தலைவர் விலகிப் போனால் அடுத்தது யார்? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதை அப்படி.

கோயில் வாசலில் ஒரு நாள் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தங்க விருதைத் தொடங்கியவள். நான்கு நாள் பயணம் முடித்தாள். ஐந்து நாள் வெளியிடத் தங்கலும் முடித்தாள். அந்த நேரம் பார்த்துத் தலைவராக இருந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் போடவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் விருதையே நிறுத்திவிட்டது. பிள்ளையின் கணக்கு இணையத்தில் அப்படியே கிடந்தது. ஏற்க வேண்டிய அறிக்கைகளைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. அவளும் பல்கலைக்கழகம், வேலை என்று போய்விட்டாள். அம்மா மட்டும் அந்தத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, பாஸ்போர்ட்டுகள் வைக்கும் அலுமாரியில் வைத்திருந்தார். என்னிடம் சொன்னபோது மகளுக்கு 25 வயது ஆக ஏழு மாதம் இருந்தது. 25ஆவது பிறந்தநாளோடு கதவு மூடிவிடும்.

அடுத்த நாள் காலை பிராந்திய அலுவலருக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது இருந்தவர் வேல்ஸ் நாட்டுப் பெண். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இரண்டு கிழமைக்குள் பிள்ளையின் கணக்கை எங்கள் மையத்துக்கு மாற்றுவதற்கு வேண்டியதை ஒழுங்கு செய்தார். பயண அறிக்கைதான் பெரிய முட்டுக்கட்டை. கோப்பில் அது இல்லை. அந்தப் பயணத்தை மதிப்பிட்டவர் எந்தப் பகுதி மதிப்பீட்டாளர் வலையமைப்பில் இருந்தவர் என்று அலுவலருக்குத் தெரிந்திருந்தது. தேடிப் பிடித்தோம். ஓய்வுபெற்ற பெரியவர், பிரெக்கன் மலைப்பக்கம் இருக்கிறார். தான் போன ஒவ்வொரு பயணத்துக்கும் சின்னக் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவர். அந்தக் குழுவின் பெயர்களும், இரண்டாம் நாள் மழையில் அவர்கள் வழியை மாற்றிய இடமும்கூட அதில் இருந்தன. அதைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தார். தங்கத்துக்குத் தொண்டு 12 மாதம் வேண்டும். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. மிச்ச நான்கு மாதத்தை ஒரு முதியோர் நிலையத்தில் செய்தாள். பிறந்தநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது எல்லாம் நிறைவாகிவிட்டது.

அந்த அலுவலர் ஒரு விதியையும் வளைக்கவில்லை. 12 மாதத்தை 11 ஆக்கவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, தொலைபேசியை எடுத்தார், அவ்வளவுதான். அந்த அம்மா அதற்கு முன் ஆறு வருடம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வீணைக்கு வருவோம். இதைப் பிராந்திய அலுவலரிடம் கொண்டுபோகாதீர்கள். தலைவர் செய்தது சரி. மதிப்பீடு எழுதுபவர் குடும்பத்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. சித்தி எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அது சித்தி எழுதியதுதானே. ஆனால் பிள்ளை வாசித்த ஆறு மாதம் வீண் என்று நினைக்க வேண்டாம். சித்தியின் வகுப்புக்கு வந்து அவள் வாசிப்பைக் கேட்ட, சங்கீதம் தெரிந்த வேறொருவர் இருக்கிறாரா? மிருதங்க ஆசிரியர், நவராத்திரி நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தவர், அப்படி யாராவது? பெயரைத் தலைவரிடம் முதலில் சொல்லி, அவர் எழுதினால் ஏற்பீர்களா என்று கேட்டுவிட்டு அறிக்கையை எழுதுவியுங்கள். இணையத்தில் எழுதலாம், தாளில் எழுதினால் பிள்ளை அதைப் படம் எடுத்து ஏற்றலாம். பிள்ளையின் அடையாள எண், தொடங்கிய நாள், முடிந்த நாள், அதோடு என்ன கற்றாள் என்று நான்கு வரி. "நல்ல பிள்ளை, ஒழுங்காக வந்தாள்" என்று மட்டும் எழுதினால் போதாது. வர்ணம் எத்தனை பாடம் பண்ணினாள், எதில் தடுமாறினாள், எப்படித் திருந்தினாள் என்று எழுத வேண்டும். தங்கச்சி, நீங்கள் அந்தப் பதினான்கு பிள்ளைகளுக்கு எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஒன்றையே எழுதிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் இடங்களில் உண்டு.

இனி ஒரு சின்னச் சம்பவம். நான் தொடங்கிய காலத்தில் அதே வேல்ஸ் அலுவலர் எங்கள் மண்டபத்துக்கு வந்தார். கோப்புகளை நான் மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, "அடுப்புப் பயிற்சி யார் கொடுக்கிறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "கொளுத்திக் காட்டுங்கள்" என்றார். வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வைத்து ட்ராஞ்சியா அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். நல்ல வெயில். சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் போத்தலை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கீழே கிடந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்து அடுப்புக்கு மேலே நீட்டினார். இலை சுருண்டு கருகியது. சுவாலை இருந்தது, வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை. எரிகிற அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றியிருந்தால் போத்தலுக்கே நெருப்பு ஏறியிருக்கும். அன்றைக்குப் பிறகு எங்கள் மையத்தில் ஒரு பிள்ளையும் இலை நீட்டிப் பார்க்காமல், அடுப்பு ஆறும்வரை காத்திருக்காமல் ஸ்பிரிட் ஊற்றியது இல்லை. அவர் கோப்புகளைப் பிறகுதான் பார்த்தார்.

இரவுத் தங்கல் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், பேரன் தூங்க வேண்டும் என்கிறான்.


மகள்_தங்கம்_எடுத்தவள்:

அக்கா, இரவுத் தங்கல் பற்றி நான் சொல்லலாமா? என் அம்மாவும் அந்த நான்கு அம்மாமாரில் ஒருவராக இருந்தவர்தான். வெண்கலத்துக்கு ஓர் இரவுதான். ஆனால் அந்த ஓர் இரவுக்காக வீட்டில் இரண்டு மாதம் சண்டை. அப்பா சம்மதித்தார், அம்மா மாட்டேன் என்றார், அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழுதார்.

அம்மாவின் மனதை மாற்றியது விளக்கவுரை ஒன்றும் இல்லை. எங்கள் தலைவர் அம்மாவை முகாம் நிலத்துக்கே கூட்டிப் போனார். முன்கூட்டியே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழிவறை எங்கே, குளியலறைக்குப் பூட்டு இருக்கிறதா, பெண்பிள்ளைகளின் கூடாரம் எந்தப் பக்கம், தலைவரின் கூடாரம் எவ்வளவு தூரம் என்று அம்மா நடந்து நடந்து பார்த்தார். பூட்டைத் தானே இரண்டு தரம் போட்டுத் திறந்தார். திரும்பி வரும்போது காரில் எதுவும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு தடித்த காலுறை வாங்க வேண்டும் என்றார். அதுதான் சம்மதம்.

நடக்கும்போது பெரியவர்கள் எங்களோடு வருவது இல்லை, அது விதி. நாங்கள் நான்கிலிருந்து ஏழு பேர் ஒரு குழு, வரைபடம் எங்கள் கையில். ஆனால் மேற்பார்வையாளர் வழியில் குறித்த இடங்களில் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதை அம்மாமாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

பிராந்திய அலுவலகத்தோடு எனக்கு இருந்த தொடர்பு வேறு மாதிரி. தங்கம் முடித்த பிறகு, புதிய தலைவர்களுக்கான ஒரு பயிற்சி நாளில் வந்து கதைக்க முடியுமா என்று கேட்டார்கள். கந்தசஷ்டி விரத காலத்தில் பயணம் வைத்தால் என்ன ஆகும், சைவச் சாப்பாடு ஒரே சட்டியில் சமைப்பது எப்படி, சில வீடுகளில் மாதவிடாய் நாட்களில் பிள்ளை யாரிடமும் சொல்லக் கூச்சப்படும், அதற்கு முன்பே என்ன செய்யலாம் என்று நான் 20 நிமிடம் கதைத்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியர் எழுதி எழுதி வைத்தார். எங்கள் பிள்ளைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததை யாராவது போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா? அக்கா, உங்களிடம் வருபவரிடம் இதைக் கேளுங்கள்: எங்கள் பெரிய பிள்ளை ஒருவரை இப்படி ஒரு பயிற்சிக்கு அழைப்பீர்களா என்று.

அப்புறம் பரதநாட்டியம். அது உடற்பயிற்சிப் பகுதியில் வரும், திறன் பகுதியில் போட்டுவிடாதீர்கள். என் தோழி ஒருத்தி திறனில் போட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்து அழுதாள். வீணை, மிருதங்கம், வாய்ப்பாட்டு எல்லாம் திறன்.


டூட்டிங்_அப்பா:

பயனுள்ள இழை. நான் கேட்க வந்தது காசு பற்றி. எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன அமைப்பு தாங்களே பயணத்தை நடத்தாமல் வெளி நிறுவனம் ஒன்றுக்குக் காசு கட்டிவிட்டது. அந்த ஆட்கள் பிள்ளைகளை முதன்முதலாகப் பார்த்ததே பஸ்ஸில் ஏறும்போதுதான். பயிற்சி நடை ஒன்றும் இல்லை. என் மகனுக்குத் திசைகாட்டியை வரைபடத்தில் எப்படி வைப்பது என்றே தெரியாது. முதல் நாள் ஐந்து மணிநேரம் பிழையான பள்ளத்தாக்கில் நடந்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பயணம் செல்லாது என்றார்கள். காசும் திரும்பி வரவில்லை. இப்படியான நிறுவனத்தை முன்கூட்டியே எப்படி அறிவது? பிராந்திய அலுவலர் சொல்வாரா?


பழைய_சப்பாத்து:

தம்பி, சொல்வார். அதற்கென்றே அங்கீகாரம் பெற்ற செயற்பாட்டு வழங்குநர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பயணத்துக்கு அங்கீகாரம் உள்ள நிறுவனமா என்று காசு கட்டும் முன் பார்க்கலாம், பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தாலும் உங்கள் அமைப்பின் தலைவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பயிற்சி எத்தனை நாள்? மதிப்பிடுபவர் யார்? வெள்ளி, தங்கம் இரண்டிலும் மதிப்பிடுபவர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவராக இருக்கக் கூடாது. பயணம் தொடங்கும் முன்பே அவர் பிள்ளைகளைச் சந்தித்து வழித்திட்டத்தையும் பொருட்களையும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் வைத்துத்தான் முதல் அறிமுகம் என்றால் அங்கேயே பிழை. உங்கள் மகன் மறுபடியும் பயணம் செய்யலாம், மற்றப் பகுதிகள் எதுவும் கெட்டுப்போகாது. என்ன செலவு ஆகும், ஏதாவது சலுகை உண்டா என்று உங்கள் அமைப்பின் வழியாகப் பிராந்திய அலுவலருக்கு எழுதுங்கள். நீங்கள் தனியாக எழுதினால் அவர் மறுபடியும் அமைப்பிடம்தான் கேட்பார்.

தங்கச்சி, இரவுத் தங்கலுக்கு வருகிறேன். மேலே தங்கம் எடுத்த பிள்ளை சொன்னதுதான் சரியான வழி. கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஹரோ-ஆன்-த-ஹில்லில் ரயில் ஏறினால் மாறாமல் வெண்டோவரில் இறங்கலாம். அங்கிருந்து கூம்ப் குன்று ஒரு நல்ல நடை. உச்சியில் நினைவுத்தூண் இருக்கிறது. அதற்கு அப்பால் ரிட்ஜ்வே பாதை பிரதமரின் செக்கர்ஸ் மாளிகைக் காணியை ஊடறுத்துப் போகும். பிள்ளைகளுக்கு அது பெரிய புதினம். நான்கு அம்மாமாரையும் சப்பாத்து போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் என்ன பாதையில் நடக்கப் போகிறார்கள் என்று காலால் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் குழுவில் ஒரு வருடம் ஐந்து பெண்பிள்ளைகள். முகாமில் மற்றக் குழுக்கள் எல்லாம் பைக்கற் நூடில்ஸ். இந்தப் பிள்ளைகள் வறுத்த ரவையோடு கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் வீட்டிலேயே தாளித்து, ஆறவைத்துச் சின்னப் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறி மூடினார்கள். ஏழு நிமிடத்தில் உப்புமா. அடுத்த குழுப் பிள்ளைகள் வாசனைக்கு எழும்பி வந்து கரண்டியோடு நின்றார்கள். அதில் ஒருத்தியின் அம்மாதான் என்னோடு அதிகம் வாதாடியவர். அவர்தான் அந்த ரவையை வறுத்துக் கொடுத்தவர்.

பெரியவர்கள் யாராவது "இது பெண்பிள்ளைகளுக்கு ஏற்றதா" என்று கேட்டால் வரலாற்றைச் சொல்லுங்கள். 1956இல் எடின்பரோ கோமகன் பிலிப் இதைத் தொடங்கியபோது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான். குர்ட் ஹான் என்ற கல்வியாளரின் யோசனை. 1953 எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹன்ட் முதல் இயக்குநர். இரண்டே வருடத்தில், 1958இல், பெண்பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. அன்று வந்தவர்கள் இன்றைக்கு எண்பது வயது அம்மம்மாமார்.


சனிப்பள்ளி_அம்மா:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. நேற்று இரவு குழுக் கூட்டத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கவுன்சிலின் உரிமத்துக்குக் கீழ் தொடங்குவது என்று முடிவெடுத்தோம். தலைவர் போனால் அடுத்தது யார் என்ற கேள்விக்கு ஒரு நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எங்கள் பழைய மாணவி ஒருவர், இப்போது தாதியாக இருக்கிறார், தானும் பயிற்சி எடுப்பதாகக் கை உயர்த்தினார். ஆகவே இரண்டு பேர். வீணைக்கு மிருதங்க ஆசிரியரின் பெயரை மகளின் தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதட்டும் பார்ப்போம் என்று பதில் வந்தது. வெண்டோவருக்கு வரும் ஞாயிறு போகிறோம், மூன்று அம்மாமார் வருகிறார்கள். நான்காமவருக்கு முழங்கால் வலி, மகளை அனுப்புகிறாராம்.

அண்ணா, பொன்னாடை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? மூத்தவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.


பழைய_சப்பாத்து:

மூத்தவர் ஆசையோடு கேட்கிறார், மனதை நோகடிக்க வேண்டாம். பொன்னாடையை வருட முடிவில் முதல் வெண்கலப் பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள், அவர் கையாலேயே போர்த்தட்டும். அலுவலர் வரும் நாளில் தேநீரும் வடையும் போதும். வரவேற்பு நடனத்துக்குப் பதிலாக அவரை நேரே அரிவரி வகுப்புக்குக் கூட்டிப் போங்கள். அங்கே உங்கள் பெரிய பிள்ளை ஒன்று சின்னவனின் கையைப் பிடித்து 'அ' எழுதிக்கொண்டிருக்கும் அல்லவா, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரை போட்டு அவரை இருத்துங்கள். பிறகு அந்தப் பிள்ளையே அவரோடு கதைக்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள்.

வெண்டோவர் போகும்போது ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே) வரைபடம், அந்தச் செம்மஞ்சள் அட்டை போட்டது, ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். தொலைபேசியை நம்ப வேண்டாம். காட்டுக்குள் சிக்னல் போய்விடும்.